வட்டாரப் பள்ளி இசை முகாம்: நிறைவு நிகழ்ச்சி பயிலரங்குகளை விழுங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முகாம் பொறுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை நடத்தும் மூன்று நாள் இசை முகாமின் பொறுப்பு இந்த ஆண்டும் என் தலையில் விழுந்திருக்கிறது. 10 வயது முதல் 16 வயது வரை ஏறத்தாழ 90 மாணவர்கள் வருவார்கள். பாதிப் பேர் பாடுகிறவர்கள். மற்றவர்கள் வயலின், புல்லாங்குழல், கீபோர்டு, மிருதங்கம், தபேலா, கிளாரினெட் என்று அவரவர் பள்ளியில் வாய்த்ததைக் கற்றுக்கொண்டவர்கள். நான்கு ஆண்டுகள் பயின்ற பிள்ளையும் நான்கு மாதங்களுக்கு முன்பு வில்லைப் பிடித்த பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

சென்ற ஆண்டு காலை இரண்டு பயிலரங்குகள், மதியத்துக்குப் பின் ஒன்று, மாலையில் கூட்டு ஒத்திகை, மூன்றாம் நாள் மாலை பெற்றோர் முன்னிலையில் நிறைவு நிகழ்ச்சி என்று திட்டம் போட்டிருந்தோம். தாளில் அது அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் ஒத்திகை சரிவரவில்லை என்பதால் மறுநாள் தாளப் பயிலரங்கிலிருந்து அரை மணி நேரத்தைக் கடன் வாங்கினோம். பிறகு குரல் பயிற்சியிலிருந்து ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் காலையில் பயிலரங்கு என்று எதுவுமே மிச்சமில்லை. வெளியிலிருந்து அழைத்து வந்திருந்த இரண்டு ஆசிரியர்களும் நாற்காலி போட உதவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை வயலின் வரிசையின் கோடியில் உட்கார்ந்திருந்த 11 வயதுச் சிறுமியை நான் கவனிக்க நேர்ந்தது. ஒரே பல்லவியைப் பதினான்காவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய வில் மற்றவர்களோடு சரியாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, ஆனால் கம்பியைத் தொடவே இல்லை. இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன். “சத்தம் வந்தா என் தப்பு தெரிஞ்சுடும் சார், அதான்” என்றாள். நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது, கைதட்டலும் கிடைத்தது. அந்தப் பிள்ளை மூன்று நாள்களில் கற்றுக்கொண்டது ஒளிந்துகொள்ளும் வித்தையை மட்டுமே என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

நிறைவு நிகழ்ச்சியையே கைவிட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். தலைமை ஆசிரியர்கள் ஒப்புவது கடினம், பெற்றோரும் வருத்தப்படுவார்கள். இத்தகைய முகாம்களை நடத்தியவர்களும் அவற்றில் கலந்துகொண்டவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பாட்டு ஆசிரியை எழுதியது:

ஐயா, நிகழ்ச்சியைக் கைவிட வேண்டாம். பிள்ளைகள் பிறர் முன் பாட வேண்டும். அதற்காகத்தான் அவர்கள் வருகிறார்கள். ஆனால் மொத்தக் கனத்தையும் கடைசி மாலையின் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. நான் உதவிய ஒரு முகாமில் முதல் நாள் மாலையே மாணவர் அரங்கு வைத்தோம். ஊரிலிருந்து என்ன கொண்டு வந்தார்களோ அதை அப்படியே, ஒவ்வொரு பள்ளியும் ஐந்து நிமிடம். யாரும் யாரையும் திருத்தவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எந்தப் பிள்ளைக்குச் சுருதி நிற்கிறது, யார் தாளத்தை மிஞ்சி வேகமாக ஓடுகிறார்கள், யார் வாயே திறப்பதில்லை என்பதெல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் குழு பிரிக்கும்போது வயதைப் பார்க்காமல் காதால் பிரித்தோம்.

அடுத்து, கூட்டாகப் பாட வேண்டிய உருப்படியை முகாமில் கற்பிக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே சுர சாகித்தியத்தையும் (சுரக் குறிப்போடு பாடல் வரிகள்), சுருதியோடு பாடிய ஒலிப்பதிவையும் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உருப்போட்டதைவிட, நாளுக்குப் பத்து நிமிடமாக ஒரு மாதம் பாடியது நிற்கும். இடைவெளி விட்டுப் படிப்பது நினைவில் தங்கும் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் தம் நினைவாற்றலின் மீதே சோதித்து எழுதினார். பாட்டு ஆசிரியர்களுக்கு அது அவருக்கு முன்பே தெரியும் என்பது வேறு கதை.

சுருதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம். கலப்புக் குழுவை நான்கரைக் கட்டையிலோ ஐந்து கட்டையிலோ பாட வைத்தால் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் வசதியாகவே இருக்கும். சிக்கல் 13, 14 வயதுப் பையன்களுக்கு. குரல்வளை வளர்ந்து குரல்நாண் நீண்டு தடிக்கும் அந்தப் பருவத்தில் ஆண் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரை) கீழிறங்கும், அதுவும் ஒரே நாளில் இறங்கிவிடாது. காலையில் எட்டிய தார ஷட்ஜம் (மேல் ‘ச’) மாலையில் உடையும். கீழ் ஸ்தாயியில் பாடச் சொன்னால் ஐந்து கட்டையின் ஷட்ஜம் அவர்களுக்கு அதலபாதாளம். பக்கத்தில் உள்ளவர்கள் சிரித்தால் அந்தப் பையன் அதோடு பாட்டையே விட்டுவிடுவான். அப்படி விட்ட மூவரை எனக்குத் தெரியும். குரல் மாறும் பையன்களைத் தனிக் குழுவாக வைத்து, ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கும் ஒரு வரியை அவர்களுக்கென்றே அமைத்துக் கொடுங்கள். அது பின்னணியில் நீண்டு நிற்கும் பஞ்சமமாக (‘ப’) இருந்தாலும் போதும், அவன் குழுவில் இருப்பான்.

ஒலிப்பதிவாளர் எழுதியது:

நான் இசை ஆசிரியன் அல்லன். இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் வைக்கிறவன். பதினான்கு தடவை வாசித்தும் சரிவராததற்குப் பிள்ளைகள் மட்டும் காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 90 பேரை ஒரு பெரிய கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, ஒரு கோடியில் மிருதங்கமும் மறு கோடியில் பாட்டும் என்று அமைத்தால் இடையில் எளிதாக 17 மீட்டர் வந்துவிடும். மிருதங்கத்தின் அடி பாடுகிறவர் காதுக்குப் போய்ச் சேர நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அதைக் கேட்டுப் பாடினால் பாட்டு பின்தங்கும். அந்தப் பாட்டைக் கேட்டு மிருதங்கம் வாசித்தால் அது இன்னும் பின்தங்கும். காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) இழுத்துக்கொண்டே போகிறது என்று ஆசிரியர் பிள்ளைகளைக் கோபித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் காதை நம்பாமல் தாளம் போடுகிறவர் கையைப் பார்க்க வேண்டும். அல்லது தாளவாத்தியத்தை நடுவில் வைத்துப் பாடுகிறவர்களை அதைச் சுற்றி அரைவட்டமாக நெருக்கி உட்கார வைக்க வேண்டும். இதற்கு ஒரு பைசாச் செலவு கிடையாது, நாற்காலியை நகர்த்தினால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூடிய வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு தாளவாத்தியங்களை ஒன்றாக வாசிக்க வைக்காதீர்கள். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபெல்லுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபெல் என்றால் ஒரு மணி நேரந்தான், 100 என்றால் 15 நிமிடந்தான். அது வளர்ந்தவர்களுக்கான கணக்கு. செல்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலி துல்லியமானதல்ல என்றாலும், அறைக்குள் ஒருமுறை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே பகீரென்றிருக்கும்.

குழலாசிரியர் எழுதியது:

மேலே எழுதியவர் தாளம் பின்தங்குவதைச் சொன்னார். நான் சுருதியைச் சொல்கிறேன். காலையில் வெளியே மரத்தடியில் சுருதி சேர்த்துவிட்டுக் குளிரூட்டிய அரங்குக்குள் போனால் எல்லாம் கலைந்துவிடும். காற்று ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் குழலின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும். அரைச் சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) என்பது 100 சென்ட். பத்துப் பாகை வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு அரைச் சுரம் போய்விடும். வாசிக்கிறவர் மூச்சு குழலைச் சூடாக்குவதால் சற்று மீளும் என்றாலும் முதல் உருப்படி போனது போனதுதான். வயலின் கம்பியோ குளிரில் இறுகிச் சுருதி ஏறும். கீபோர்டு இரண்டுக்கும் நடுவே, ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில், அசையாமல் நிற்கும். மூன்று பிள்ளைகளும் ஒழுங்காக வாசித்தும் அபசுரமாக ஒலிக்கும்போது மூவருமே தங்கள் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார்கள். வாசிக்கப் போகும் அறையிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்து, குழல்களை ஊதிச் சூடாக்கிய பிறகே சுருதி சேருங்கள். மூங்கில் குழலை முறுக்கி ஏற்ற முடியாது என்பதால் மற்றவர்கள்தான் குழலை நோக்கி வர வேண்டும்.

கிளாரினெட் வருகிறது என்றீர்கள். பெரும்பாலும் பள்ளிகளில் இருப்பது பி-பிளாட் கிளாரினெட். அந்த மாணவன் தன் தாளில் ‘சி’ என்று இருப்பதை வாசித்தால் ஒரு கட்டைக்குப் பதிலாக அதற்கு ஒரு முழுச் சுரம் கீழே உள்ள ஆறரைக் கட்டையின் ஷட்ஜம் ஒலிக்கும். எல்லாரும் ‘சி’ வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு அவனை முறைப்பதை நேரில் கண்டிருக்கிறேன். அவனுக்கு ஒரு முழுச் சுரம் மேலே மாற்றி எழுதிய தாள் வேண்டும். அதை முகாமுக்கு முன்பே எழுதி வையுங்கள். கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை யாராவது தெரியாமல் அழுத்தியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஒருமுறை அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மிருதங்க ஆசிரியர் எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். மேடை என்ற பயம் இல்லையென்றால் பிள்ளைகள் உழைக்க மாட்டார்கள். பயிலரங்கு என்ற பெயரில் ஒருவர் பேச, 90 பேர் கொட்டாவி விட, குறிப்பேட்டில் நான்கு வரி எழுதிக்கொண்டு போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கச்சேரிக்காகச் செய்யும் ஒத்திகைதான் உண்மையான பயிலரங்கு. பொறுப்பாளர் கண்ட சிறுமி வில்லைத் தூக்கிப் பிடித்ததற்குக் காரணம் நிகழ்ச்சி அல்ல. அவள் வாசிக்க முடியாததை அவளிடம் கொடுத்ததுதான் காரணம். திறந்த கம்பியில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வாசிக்கும் ஒரு வரிசையை எழுதிக் கொடுத்திருந்தால் அவளும் வாசித்திருப்பாள்.

என் மனக்குறை வேறு. முகாம் என்றால் தாளவாத்திய மாணவர்கள் பதினைந்து பேர் வருவார்கள். மேடையில் இருவருக்குத்தான் இடம். மற்றவர்கள் மூன்று நாளும் வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கு நான் கண்ட வழி, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல். வாத்தியத்தை உறையிலேயே வைத்துவிட்டு எல்லாரையும், பாடுகிறவர்களையும் வயலின்காரர்களையும் சேர்த்து, சொல்ல வைக்கிறேன். ‘ததிகிணதொம்’ ஐந்து மாத்திரை. மூன்று தடவை சொன்னால் பதினைந்து. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வரும் சதுச்ர நடையில், அரை ஆவர்த்தனத்துக்கு (அரைச் சுற்றுக்கு) பதினாறு மாத்திரை. அப்படியானால் எப்போது தொடங்கினால் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) வந்து விழும் என்று கேட்பேன். அரை ஆவர்த்தனத் தொடக்கத்தில் ஒரு மாத்திரை தள்ளி எடுக்க வேண்டும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை விரல் விட்டுக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த கணத்தில் அறை முழுதும் சமத்தில் ஒரு தட்டுத் தட்டும் பாருங்கள், அதைக் கேட்பதற்காகவே நான் முகாமுக்குப் போகிறேன். ஒலிப்பதிவாளர் சொன்ன காதுத் தொல்லையும் இதில் இல்லை.

முன்னாள் மாணவி எழுதியது:

பள்ளி நாள்களில் இப்படிப்பட்ட மூன்று முகாம்களுக்குப் போயிருக்கிறேன். மிருதங்க ஆசிரியர் ஐயா அவர்கள் பயம் உழைக்க வைக்கும் என்கிறார்கள். எல்லாரையும் வைக்காது என்று பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இன்டர்லாக்கன் என்னும் இடத்தில் ஜோசப் மேடி 1928இல் தொடங்கிய கோடை முகாம் மாணவர் முகாம்களில் மிகப் பெயர் பெற்றது. அங்கே வாரந்தோறும் மாணவர்கள் ஒருவரை எதிர்த்து ஒருவர் வாசித்து, வென்றவர் முன் இருக்கைக்கும் தோற்றவர் பின் இருக்கைக்கும் மாறும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனால் பெரிய கலைஞர்கள் உருவானார்கள் என்பாரும் உண்டு, காயம் ஆறாதவர்கள் உண்டு என்பாரும் உண்டு. அங்கே அவர்களுக்கு வாரக்கணக்கில் நேரம் இருந்தது. மூன்று நாள் முகாமில் முதல் நாளே கடைசி இருக்கைக்குப் போன பிள்ளை மேலே வருவதற்குள் முகாம் முடிந்துவிடும்.

எனக்கு நினைவில் நிற்பது ஒரு பயிலரங்குதான். ஒரு மாணவர் எல்லார் முன்பும் வாசிப்பார், ஆசிரியர் திருத்துவார். முதல் முகாமில் வந்த ஆசிரியர் ஒரே மூச்சில் என் உட்காரும் முறை, வில் பிடி, விரல் இடம், கமகம் என்று எல்லாவற்றையும் திருத்தினார். அவர் சொன்னது எல்லாமே சரிதான். ஆனால் நான் அழுதுகொண்டே இறங்கினேன். மறு ஆண்டு வந்த அம்மையார் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வலது தோளைத் தளர்த்தி அதே வரியை மறுபடி வாசி என்றார், அவ்வளவுதான். ஒலி பெரிதானது எனக்குக் கேட்டது. கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு திருத்தம், அது பலித்த பிறகே மேடையை விட்டு இறக்குவது என்ற விதியை வரும் ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேடைக்கு வர விரும்புகிற பிள்ளையை மட்டும் அழையுங்கள்.

ஒரு பெற்றோர் எழுதியது:

நாங்கள் வருத்தப்படுவோம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் 90 பேருக்கு நடுவே என் மகனின் நெற்றி மட்டும் தெரிந்தது. அதைத்தான் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். அவன் என்ன கற்றான் என்பது எனக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன தோளைத் தளர்த்தும் பாடத்தை நான் நேரில் பார்த்திருந்தால் வீட்டில் அவன் பயிற்சி செய்யும்போது நானும் கவனித்திருப்பேன். பயிலரங்கிலேயே பெற்றோரை உட்கார வைக்கக் கூடாதா?

முகாம் பொறுப்பாளர் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கடைசியாக எழுதிய பெற்றோரின் கேள்விதான் என் முடிச்சை அவிழ்த்தது. நேற்று மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினோம்.

முதல் நாள் மாலை மாணவர் அரங்கு. பள்ளிக்கு ஐந்து நிமிடம், திருத்தம் கிடையாது. இரண்டாம் நாள் முழுதும் பயிலரங்கு, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாக. கூட்டு ஒத்திகை நாளுக்கு 45 நிமிடம் மட்டும்; மணி அடித்தால் எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்திவிடுவது. ஒத்திகைக்குப் பயிலரங்கிலிருந்து நேரம் கடன் வாங்கக் கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன், முக்கியமாக எனக்காக. மூன்றாம் நாள் மாலை பெற்றோர் வருவார்கள். முதல் அரை மணி நேரம் அவரவர் பிள்ளையின் குழு இருக்கும் அறையில் பயிலரங்கின் கடைசிப் பகுதியைப் பார்ப்பார்கள். அங்கிருந்து கூடத்துக்கு வந்து எல்லாரும் கொன்னக்கோல், பிறகு முன்பே கற்று வந்த ஒரே ஒரு கூட்டு உருப்படி. சிறப்பு விருந்தினர் உரையை எடுத்துவிட்டோம். அதனால் ஒருவருக்கு என் மேல் கோபம்.

வயலினுக்கு மூன்று வரிசைகள் எழுதுகிறோம். மூன்றாவது வரிசை முழுக்கத் திறந்த கம்பிகள். அந்தச் சிறுமியின் பெயர் இந்த ஆண்டுப் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டாம் வரிசைத் தாளையும் மூன்றாம் வரிசைத் தாளையும் அவளுக்கே அனுப்பி, எது வேண்டும் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மிருதங்க ஆசிரியர் ஐயா எங்கள் முகாமுக்கு வந்து தாளப் பயிலரங்கை நடத்தித் தர இயலுமா? கொன்னக்கோலுக்கு நிறைவு மாலையில் மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்.

மிருதங்க ஆசிரியர் எழுதியது:

வருகிறேன். கொட்டாவி பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. உங்கள் மூன்றாம் வரிசையைப் பார்த்த பிறகு வருவதில் தடையில்லை என்று மட்டும் சொல்கிறேன். சிறப்பு விருந்தினர் உரையை எடுத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தையும் சேர்த்துக் கொன்னக்கோலுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். 90 பிள்ளைகள் சொல்லி முடித்துச் சமத்துக்கு வருவதற்கு மூன்று நிமிடம் எந்த மூலைக்கு?